துகள் ஒன்றும் சிந்தாமல்: சக்ரீஸ்துவில் (பூசைப் பொருள்கள் வைக்கும் அறையில்) வேலை செய்வோருக்கு

கோயிலில் ஆண்டவருக்குரிய வணக்கம் குறைவது யாருடைய கெட்ட மனதாலும் அல்ல, பெரும்பாலும் அவசரத்தால்தான். இரண்டாம் மணி அடித்த பிறகு ஓஸ்தி (திருப்பலிக்கான அப்பம்) டப்பாவைத் தேடுவது, வெளுத்த துகில் (பீடத்தில் பயன்படும் துணி) இல்லாமல் போன வாரத்ததையே திருப்பி மடித்து வைப்பது, தீப்பெட்டி கேட்டுப் பீடத்துக்கு முன்னால் குறுக்கே ஓடுவது. செய்கிறவருக்கு இவை சின்ன விஷயம். முதல் வரிசையில் பாயில் உட்கார்ந்திருக்கும் ஐந்து வயதுக் குழந்தையோ இதைப் பார்த்துத்தான் ஆண்டவர் யார் என்று படிக்கிறது. மறைக்கல்வி வகுப்பில் "இங்கே ஆண்டவர் இருக்கிறார்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, யாருமே இல்லாத இடம்போல நாம் நடமாடினால், பிள்ளை நம் வாயை விட்டுவிட்டு நம் காலைத்தான் நம்பும்.

ஆகவே இங்கே பக்தி உணர்வைப் பற்றிப் பேச்சு குறைவு. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் கோயில்களில் கோயில்பிள்ளைகளும் (கோயில் வேலைகளைக் கவனிப்பவர்களும்) கன்னியர்களும் (பெண் துறவியரும்) பூசையில் உதவும் பீடச்சிறுவரைப் பழக்குகிறவர்களும் நன்மை, அதாவது நற்கருணை, கொடுக்கும் பணியாளர்களும் கையால் செய்கிற வேலைகளையே எழுதுகிறோம். கை ஒழுங்குக்கு வந்தால் மனம் பின்னாலேயே வருகிறது.

பூசைக்கு முன்

ஞாயிறு பூசைக்கு (திருப்பலிக்கு) முக்கால் மணி நேரம் முன்பும், வாரநாள் பூசைக்கு அரைமணி முன்பும் சக்ரீஸ்து திறந்திருக்க வேண்டும். அந்த நேரத்தின் கடைசிப் பத்து நிமிடம் அமைதிக்கு உரியது. திருப்பலி நூலின் பொது விதிமுறையே கோயிலில் மட்டுமல்ல, சக்ரீஸ்துவிலும் அதை ஒட்டிய இடங்களிலும் அமைதி காக்கச் சொல்கிறது. இந்தப் பத்து நிமிடம் கிடைக்க வேண்டுமென்றால் மற்ற வேலை அதற்குள் முடிந்திருக்க வேண்டும். வாசக நூலில் நாடாவை அன்றைய பக்கத்தில் வைப்பது, மைக் சோதிப்பது, காணிக்கைப் பை எடுத்து வைப்பது எல்லாம் முந்தின மாலை வேலை. மைக்கில் "ஹலோ, ஒன், டூ, த்ரீ" என்று சொல்லிப் பார்க்கிற வழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். அதற்குப் பதில் ஒரு திருப்பாடலின் இரண்டு வரியை வாசித்துப் பார்த்தால் சோதனையும் ஆயிற்று, காதில் விழுகிறவருக்கு ஜெபமும் ஆயிற்று.

வேலை தொடங்குமுன் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டு நன்றாக உலர்த்துங்கள். தலைக்கு எண்ணெய் தேய்த்த கை, பவுடர் பூசிய கை, சாம்பிராணி அள்ளிய கை ஓஸ்தியைத் தொடக் கூடாது. ஓஸ்தி வாசனையை உடனே இழுத்துக்கொள்ளும். பூசை உடை அலமாரியில் அந்துருண்டை போடுகிறோம். அதே அலமாரியில் ஓஸ்தி டப்பாவும் இருந்தால் இரண்டே நாளில் ஓஸ்தியில் அந்துருண்டை நெடி ஏறிவிடும். நன்மை வாங்குகிறவர் முகம் சுளிப்பார், ஏன் என்று யாருக்கும் தெரியாது. டப்பாவுக்குத் தனி அலமாரி கொடுங்கள், அது இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவாக இருக்கட்டும்.

ஓஸ்தி வெறும் கோதுமை மாவும் தண்ணீரும்தான். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, எண் 924, அப்பம் கோதுமையால் மட்டும் ஆனதாக, கெட்டுப்போகும் ஆபத்து இல்லாதபடி அண்மையில் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும் என்கிறது. கடலோரப் பங்குகளில் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள கோயில் சமூகங்களில்) ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த "அண்மையில்" என்ற சொல்லுக்குத் தனிக் கனம் உண்டு. ஈரம் ஏறிய ஓஸ்தி முதலில் துவளும், பிறகு ஓரம் சுருளும், அதற்கப்புறம் பச்சைப் புள்ளி விழும். மழைக்காலத்தில் இரண்டு மாதத்துக்கு மொத்தமாக வாங்காமல் இரண்டு வாரத்துக்கு மட்டும் வாங்குங்கள். கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாதவர் பங்கில் இருந்தால் அது குறைவாக உள்ள ஓஸ்தியைக் கன்னியர் மடங்கள் வழியாக விசாரித்து வாங்கலாம். அந்தப் புரதமே துளியும் இல்லாத அப்பம் திருப்பலிக்குச் செல்லாது. அரிசி மாவில் யாராவது அன்போடு செய்து கொண்டு வந்தாலும் அதைப் பீடத்துக்கு அனுப்பக் கூடாது.

பல சக்ரீஸ்துகளில் விட்டுப்போகிற ஒரு வேலை உண்டு. ஓஸ்திகளைப் பாத்திரத்தில் கொட்டுமுன் பெரிய கண் உள்ள புதுச் சல்லடையில் போட்டு மெல்ல ஆட்டுங்கள். வெட்டும்போது ஒட்டிய தூளும் உடைந்த ஓரங்களும் கீழே கொட்டிவிடும். வசீகரத்துக்குப் (அப்பமும் இரசமும் ஆண்டவரின் உடலும் இரத்தமுமாக மாறும்படி குருவானவர் சொல்லும் வார்த்தைகளுக்குப்) பிறகு ஒவ்வொரு துகளும் ஆண்டவரின் உடல். எனவே உதிரக்கூடிய தூளை அதற்கு முன்பே பிரித்துவிடுவது நம் கடமை. இரண்டு நிமிட வேலை இது. செய்யாமல் விட்டால், நன்மை கொடுத்து முடிந்ததும் பாத்திரத்தின் அடியில் ஒரு கரண்டித் தூள் கிடக்கும். அவசரத்தில் அது சரியாகத் தூய்மையாக்கப்படாமல் போகும்.

எண்ணிக்கையும் வணக்கத்தின் பகுதிதான். ஒவ்வொரு பூசையிலும் எத்தனை பேர் நன்மை வாங்கினார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வந்தால் மூன்று மாதத்தில் ஒரு கணக்குப் பிடிபடும். மேலே ஒரு இருபது, முப்பது வைத்தால் போதும். கூட்டம் வரும் என்று நானூறு வைத்து, இருநூறு மிஞ்சி, அது நற்கருணைப் பேழையில் (வசீகரித்த ஓஸ்தியைப் பூட்டி வைக்கும் பெட்டியில்) அடுக்கடுக்காகச் சேர்வது தவறு. தேவையான அளவு மட்டும் வைத்து, அடிக்கடி புதுப்பித்து, பழையதை முறையாக உட்கொண்டு முடிக்க வேண்டும் என்பது சட்டம். அதோடு, மக்கள் அதே திருப்பலியில் வசீகரித்த அப்பத்தை வாங்குவதே சிறப்பு. பேழையில் இருப்பதை எடுத்துக் கொடுப்பது நோயாளிக்கும் எதிர்பாராத கூட்டத்துக்கும்தான்.

திராட்சை இரசத்தை ஒவ்வொரு நாளும் முகர்ந்து பாருங்கள். திறந்த புட்டி நம் வெயிலில் சீக்கிரம் புளிக்கும். காடியாகிவிட்டால் அது இரசமே அல்ல. திறந்ததைக் குளிர்பெட்டியில் வைத்து, சின்னப் புட்டிகளாக வாங்குங்கள். குருவானவர் மட்டும் பருகும் பூசைக்கு இரண்டு மேசைக்கரண்டி அளவு தாராளம். குப்பிகளுக்குச் சோப்பு போட்டால் நுரை வாசம் போகும்வரை வெந்நீரில் அலசுங்கள். வெள்ளை இரசம் பயன்படுத்தும் கோயிலில் இரசக் குப்பிக்கும் தண்ணீர்க் குப்பிக்கும் வேறு வேறு மூடி இருக்கட்டும். நிறத்தை நம்பினால் பீடச்சிறுவன் ஒருநாள் மாற்றிக் கொடுத்துவிடுவான். அப்படி நேர்ந்து, கிண்ணத்தில் இருந்தது தண்ணீர் என்று வசீகரத்துக்குப் பிறகு தெரிந்தால், குருவானவர் அந்தத் தண்ணீரை வேறு பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, இரசமும் சிறிது தண்ணீரும் புதிதாக ஊற்றி, கிண்ணத்துக்குரிய வார்த்தைகளைச் சொல்லி வசீகரிப்பார். அப்பத்தை மறுபடி வசீகரிக்க வேண்டியதில்லை. இதற்காகவே பீடத்துக்குப் பக்கத்து மேசையில் மூடிய குப்பி ஒன்றில் இரசம் தயாராக இருக்க வேண்டும். பூசை நடுவே சக்ரீஸ்துவுக்கு ஓடுவதைப் போல மக்கள் கவனத்தைச் சிதறடிப்பது வேறில்லை.

துகில்கள்

பீடத்தில் குறைந்தது ஒரு வெள்ளைத் துணி விரித்திருக்க வேண்டும். அதன்மேல் அப்பத் தட்டும் கிண்ணமும் வைக்கும் திருமேனித் துகில். இது ஏறத்தாழ ஐம்பது சென்டிமீட்டர் சதுரம், மூன்றாக மூன்றாக மடித்தால் ஒன்பது கட்டம் வரும். விரிக்கும்போது முதலில் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம், அடுத்து மேல்மடிப்பு அப்பால், கடைசியில் கீழ்மடிப்பு நம்மை நோக்கி. மடிக்கும்போது இதற்கு நேர்மாறு. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு: துகிலில் விழுந்த துகள் நடுவிலேயே தங்கி, உள்ளேயே பொதிந்துகொள்ளும். வரிசை தெரியாதவர்கள் துகிலைத் தூக்கி உதறுகிறார்கள். உதறவே கூடாது. துகள் தெரிந்தால் குருவானவர் அதைக் கிண்ணத்துக்குள் விழச் செய்வார்.

திருமேனித் துகிலுக்குக் கஞ்சி போடலாம். விறைப்பாக இருந்தால் துகள் இழைக்குள் புகாமல் மேலேயே நிற்கும். ஆனால் கிண்ணம் துடைக்கும் துகிலுக்குக் கஞ்சி போட்டால் ஈரத்தை உறிஞ்சாது. இரண்டையும் ஒரே வாளியில் போட்டுக் கஞ்சியில் முக்கி எடுப்பது நம் ஊரில் அடிக்கடி நடக்கும் தவறு. பாலியஸ்டர் கலந்த துணி பார்க்கப் பளபளப்பாக இருக்கும், ஒரு துளியையும் உறிஞ்சாது. பருத்தி அல்லது லினன் வாங்குங்கள். புதுத் துணியில் ஆலைப்பசை இருக்கும், நாலைந்து தடவை அலசிய பிறகே முதன்முறை பயன்படுத்துங்கள். அரிசிக் கஞ்சி போட்டு மாதக் கணக்கில் அலமாரியில் அடுக்கினால் கரப்பானும் இராமபாணப் பூச்சியும் வரும். தேவைக்கு மட்டும் போட்டுத் தேய்த்து வையுங்கள்.

துவைக்கும் முறையை 2004 மார்ச் 25 அன்று உரோமை வழிபாட்டுப் பேராயம் (வழிபாட்டைக் கவனிக்கும் வத்திக்கான் துறை) வெளியிட்ட ஒழுங்குமுறை தெளிவாகச் சொல்கிறது. முதல் அலசல் கையால். இதற்கென்றே ஒரு பேசின் இருக்கட்டும், வேறு எதற்கும் அதை எடுக்காதீர்கள். சோப்பு இல்லாத வெறும் தண்ணீரில் அரைமணி ஊறவைத்து, மெல்லக் கசக்கி, அந்தத் தண்ணீரைச் சக்ராரியத்தில் ஊற்ற வேண்டும். சக்ராரியம் என்பது கழிவுக்குழாயில் சேராமல் நேரே மண்ணுக்குள் இறங்கும் தொட்டி. அது இல்லாத கோயிலில், யாரும் மிதிக்காத சுவரோரப் பாத்தியில் ஊற்றலாம். அதன் பிறகே சோப்பும் சாதாரணத் துவைப்பும்.

புதிதாகக் கட்டிய கோயில்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. சக்ரீஸ்துவில் அழகான தொட்டி வைத்துவிட்டு, பிளம்பர் அதன் குழாயைக் கழிப்பறைத் தொட்டியோடு சேர்த்துவிடுகிறார். அவர்மேல் தப்பில்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொட்டு நீலம் கலந்த ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, வெளியே எங்கே வருகிறது என்று திறந்து பாருங்கள். கட்டடம் எழும்போதே ஒருமுறை நின்று காட்டிக் கொடுத்தால் பிறகு தரையை உடைக்க வேண்டாம்.

கிண்ணத்தையும் அப்பத் தட்டையும் எலுமிச்சை, புளி, பித்தளை துலக்கும் பொடி போட்டுத் தேய்க்காதீர்கள். உள்ளே பூசிய பொன்முலாம் தேய்ந்து, அடியில் இருக்கும் உலோகம் இரசத்தோடு சேர்ந்து கறுக்கும். வெதுவெதுப்பான நீர், மென்மையான துணி போதும். திருப்பலியில் பயன்படுத்திய பாத்திரங்களைத் தூய்மையாக்குவது குருவானவர், திருத்தொண்டர் (டீக்கன்), நிலைப்படுத்தப்பட்ட (இப்பணிக்கு முறைப்படி ஏற்படுத்தப்பட்ட) பீடத்துணைவர் ஆகியோரின் வேலை. கோயில்பிள்ளையின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தூய்மையாக்காத பாத்திரம் சக்ரீஸ்துவுக்கு வந்துவிட்டால் நீங்களே கழுவிவிடாதீர்கள். கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மூடி வைத்து, சாமியாரிடம் சொல்லுங்கள். சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் உண்டு. கூச்சம் வேண்டாம், எந்தக் குருவும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஓஸ்தி கீழே விழுந்தால்

திருவிழாக் கூட்டத்தில் இது நடக்கும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது தெரியாமல் எல்லோரும் பதறுவதுதான் உண்மையான சேதம். கொடுப்பவர் உடனே வரிசையை நிறுத்திக் குனிந்து அவரே எடுக்க வேண்டும். வாங்க வந்தவரை எடுக்கச் சொல்லக் கூடாது. எடுத்ததைப் பாத்திரத்தில் திரும்பப் போடாமல் அவரே உட்கொள்ளலாம். முடியாத அளவுக்கு அழுக்காகியிருந்தால் தனியே ஒரு துகிலில் வைக்கலாம். விழுந்த இடத்தில் ஒரு சிறு துகிலை விரித்துவிட்டால் யாரும் மிதிக்க மாட்டார்கள். பூசை முடிந்ததும் அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்து, துணியை அலசிய தண்ணீரை மண்ணில் ஊற்றுங்கள். திரு இரத்தம் சிந்தினால் முதலில் துகிலால் ஒற்றி எடுத்து, பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவி, அந்தத் தண்ணீரையும் சக்ராரியத்தில் சேர்க்க வேண்டும். இதற்காக ஒரு கிண்ணம் தண்ணீரும் இரண்டு துகிலும் பக்கத்து மேசையில் எப்போதும் இருக்கட்டும்.

தனியே வைத்த ஓஸ்தி, பாய்க்கு அடியிலோ பாட்டுப் புத்தகத்திலோ கண்டெடுத்த ஓஸ்தி, பூஞ்சை பிடித்தது எல்லாவற்றுக்கும் ஒரே வழி: மூடியுள்ள சிறு கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அதில் இட்டு, பூட்டிய இடத்தில் வையுங்கள். சில நாளில் முழுதும் கரைந்து அப்பத்தின் உருவமே இல்லாமல் போகும். அப்பத்தின் தன்மைகள் நிலைக்கும்வரைதான் நற்கருணைப் பிரசன்னமும் நிலைக்கிறது என்பது திருச்சபையின் போதனை. ஆகவே கரைந்த பிறகே மண்ணில் ஊற்ற வேண்டும். கண்டெடுத்தது வசீகரித்ததா இல்லையா என்று தெரியாவிட்டால் வசீகரித்ததாகவே எண்ணிச் செய்யுங்கள்.

நன்மை வாங்கும் முறையை வருடத்துக்கு ஒருமுறையாவது பங்கில் சொல்லிக் கொடுக்க வேண்டும், முதன்முறை வாங்கும் புதுநன்மைப் பிள்ளைகளுக்கு மட்டும் போதாது. கையில் வாங்குகிறவர் இடக்கையை வலக்கைக்கு மேலே விரித்து, வாங்கியதும் அங்கேயே நின்று, கீழே இருக்கும் கையால் எடுத்து உட்கொள்ள வேண்டும். நான்காம் நூற்றாண்டில் எருசலேம் ஆயர் சிரில் ஒரு கையை மறு கைக்கு அரியணையாக்கச் சொல்லிக் கொடுத்தார். ஒரு துகளும் தவறக் கூடாது, பொன்தூளைப் போலக் காக்க வேண்டும் என்றும் சொன்னார். வாங்கிய பிறகு உள்ளங்கையை ஒருமுறை பார்ப்பது அந்த வழக்கத்திலிருந்து வந்ததுதான். விரல் நுனியால் இடுக்கி வாங்குவதும் நடந்துகொண்டே வாயில் போடுவதும் கூடாது. நாவில் வாங்குகிறவர் தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து, நாவைக் கீழுதட்டின் மேல் நீட்ட வேண்டும். அரைகுறையாகத் திறந்த வாயில் வைக்கும்போதுதான் ஓஸ்தி விழுகிறது. நன்மைத் தட்டு பழைய காலத்துப் பொருள் என்று பல கோயில்கள் அலமாரியில் போட்டுவிட்டன. அதை விடாமல் வைத்திருக்க வேண்டும் என்று மேலே சொன்ன 2004 ஒழுங்குமுறையே கேட்கிறது. பீடச்சிறுவன் தட்டைச் சாய்க்காமல் தாடைக்குக் கீழே பிடிக்கப் பழக்கினால் போதும்.

ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணியில், ஜூலை 26 முதல் ஆகஸ்டு 5 வரை தூத்துக்குடிப் பனிமய மாதா கோயிலில், எல்லாச் சமயத்தாரும் வருகிறார்கள். பிரசாதம் என்று நினைத்துப் பக்தியோடு கை நீட்டி, வாங்கியதை வீட்டுக்குக் கொண்டுபோக முந்தானையில் முடிகிறவர்களும் உண்டு. அவர்கள் அவமரியாதை செய்யவில்லை, நம்மில் பலரைவிட மரியாதையோடுதான் வருகிறார்கள். வரிசைக்கு இருபுறமும் இரண்டு பேரை நிறுத்துங்கள். "அம்மா, நீங்க ஆசீர் வாங்கிக்குங்க, கையக் கூப்பிக்கிட்டுப் போங்க" என்று மெதுவாகச் சொன்னால் யாரும் வருத்தப்படுவதில்லை. வாங்கிவிட்டு எடுத்துப் போகிறவரை எல்லோர் முன்னிலும் அதட்டாதீர்கள். பக்கத்தில் போய்த் திருப்பித் தரும்படி தாழ்ந்த குரலில் கேளுங்கள்.

பேழை, விளக்கு, எறும்பு

நற்கருணைப் பேழை அசையாததாக, உறுதியானதாக, உள்ளே தெரியாததாக, பூட்டியதாக இருக்க வேண்டும். கண்ணாடிக் கதவு வைத்துக் கட்டியவர்கள் அதை மாற்றத்தான் வேண்டும். பேழைக்குள் சிற்றெறும்பு வருவது நம் ஊரில் தீராத தொல்லை. பெரும்பாலும் உள்ளே விளக்குப் போட இழுத்த மின்கம்பியின் துளை வழியாகத்தான் வருகிறது. அதை எபாக்சிப் பசையால் அடையுங்கள். பேழைப் பக்கத்தில் பூச்சாடி வைக்காதீர்கள், தேன் வடியும் பூவைத் தேடி எறும்பு ஏறும். மருந்துச் சாக்பீஸ் கோடு பேழைக்கு வெளியே, பீடத்தின் அடியில் மட்டும். பாத்திரத்தின் மூடி இறுக்கமாக இருந்தால் ஈரத்தை இழுக்கும் சிலிக்காப் பொட்டலம் எதையும் ஓஸ்திக்குள் போட வேண்டிய அவசியமே வராது, போடவும் கூடாது.

பேழைக்கு முன் எரியும் அணையா விளக்கு எண்ணெயாலோ மெழுகாலோ எரிய வேண்டும் என்பதே விதி. சிவப்பு மின்விளக்கு வசதிதான், ஆனால் மின்தடையில் அணைகிறது, பல்பு போனால் மூன்று நாள் யாரும் கவனிப்பதில்லை. எண்ணெய் விளக்குக்கு ஒரு ஆள் தினம் வந்து பார்த்தாக வேண்டும். அந்த வருகைதான் அந்த விளக்கின் பொருள் என்று நினைக்கிறோம். உங்கள் விளக்கில் நூறு மில்லி எண்ணெய் எத்தனை மணி நேரம் எரிகிறது என்று ஒருநாள் அளந்து, அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள்.

காலும் முழங்காலும்

"உன் பாதங்களிலிருந்து மிதியடிகளை அகற்றிவிடு" என்று எரியும் புதரிலிருந்து மோசே கேட்டது நமக்குத் தமிழ் மண்ணில் விளக்கம் தேவையில்லாத வசனம். வாசலிலேயே செருப்பை விடுகிறோம். 1969 ஏப்ரல் 25 அன்று இந்திய வழிபாட்டுக்கு உரோமை ஒப்புதல் தந்த பன்னிரண்டு தழுவல்களில் மிதியடி அகற்றுவது, தரையில் அமர்வது, முழந்தாளிடுவதற்குப் பதில் கைகுவித்து ஆழ்ந்து வணங்குவது, மெழுகுவர்த்திக்குப் பதில் எண்ணெய் விளக்கு ஆகியவை உண்டு. ஆகவே பேழைக்கு முன் வலது முழங்காலைத் தரையில் ஊன்றுவதும் சரி, கைகுவித்து இடுப்பு வளைய வணங்குவதும் சரி. இரண்டும் இல்லாமல் ஒரு முழங்காலை லேசாக மடக்கித் துள்ளிப் போவதுதான் சரியில்லை. முழங்கால் வலிக்கும் பெரியவர்கள் தயங்காமல் கைகூப்பட்டும். பீடச்சிறுவருக்குச் சொல்லிக் கொடுக்கும்போது, நிற்பது, ஒரு மூச்சு விடுவது, முதுகை வளைக்காமல் முழங்கால் தரையைத் தொடுவது, எழுவது என்று நான்காகப் பிரித்துப் பழக்குங்கள். அவசரம் இந்த ஒரு மூச்சில் போய்விடும். பேழையில் நற்கருணை இல்லாவிட்டால் பீடத்துக்கு ஆழ்ந்து தலைவணங்கினால் போதும். பெரிய வெள்ளியில் சிலுவையைத் திறந்து காட்டியது முதல் பாஸ்கா திருவிழிப்பு (உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இரவு வழிபாடு) தொடங்கும்வரை சிலுவைக்கு முழந்தாளிடுகிறோம்.

விசுவாசப் பிரமாணத்தில் (பூசையில் சொல்லும் நம்பிக்கை அறிக்கையில்) ஆண்டவர் மனிதரானதைச் சொல்லும் வரிகளில் எல்லோரும் தலைவணங்க வேண்டும். டிசம்பர் 25 (கிறிஸ்து பிறப்பு), மார்ச் 25 (மங்கள வார்த்தை) திருவிழாக்களில் அதே இடத்தில் முழந்தாளிட வேண்டும். முன்னால் ஒரு ஆள் அறிவித்து, தானும் செய்தால் மக்கள் செய்துவிடுவார்கள். இயேசுவின் பெயர் வரும்போது தலை தாழ்த்தும் வழக்கம் நம் பாட்டிமாரோடு போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர எந்தச் செலவும் இல்லை. பாடல் குழுவினர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். "யாவே", "யெகோவா" என்று இறைவனின் நான்கெழுத்துத் திருப்பெயரை உச்சரிக்கும் பாடல்களைத் திருவழிபாட்டில் பயன்படுத்தக் கூடாது என்று 2008 ஜூன் 29 தேதியிட்ட கடிதத்தில் வழிபாட்டுப் பேராயம் கேட்டிருக்கிறது. யூதர்கள் அந்தப் பெயரை வாயால் சொல்லாமல் "ஆண்டவர்" என்றே வாசித்த வணக்கத்தைத் தொடர்வதற்காகத்தான். பாட்டு நன்றாக இருக்கிறது என்பது இதற்குப் பதிலாகாது.

திருமணத்தில் புகைப்படக்காரர் பீடத்துக்குப் பின்னால் ஏறி நிற்பதைத் தடுக்க அன்றைக்குச் சண்டை போட்டுப் பயனில்லை. பெயர் பதிய வரும்போதே, எங்கே நிற்கலாம், வசீகர நேரத்தில் பளிச்சென்ற விளக்கு கூடாது, தலைக்குமேல் பறக்கும் கேமரா கோயிலுக்குள் கூடாது என்று எழுதி, பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில்

நன்மை வாங்க ஒரு மணி நேர நோன்பு என்பது பூசை தொடங்கும் நேரத்திலிருந்து அல்ல, நன்மை வாங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கு. தண்ணீரும் மருந்தும் நோன்பை முறிக்காது. முதியோருக்கும் நோயாளிக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் இந்த நோன்பு கட்டாயமில்லை.

நோயாளிக்கு நற்கருணை வரும் வீட்டில் ஒரு சின்ன மேசை, வெள்ளைத் துணி, சிலுவை, இரண்டு மெழுகுவர்த்தி, ஒரு டம்ளர் தண்ணீர் தயாராக இருக்கட்டும். தொலைக்காட்சியை நிறுத்திவிடுங்கள், நாயைக் கட்டிவையுங்கள். கொண்டுவரும் பணியாளர் நேரே வர வேண்டும். வழியில் கடையில் வண்டியை நிறுத்துவது, பேழைச்சிமிழை (ஓஸ்தி வைத்த சிறு டப்பாவை) வண்டிப் பெட்டியில் போடுவது கூடாது, அது கழுத்தில் தொங்கி நெஞ்சில் இருக்க வேண்டும். நோயாளி விழுங்குவாரா என்று முதலில் ஒரு கரண்டித் தண்ணீர் கொடுத்துப் பாருங்கள். சிரமப்பட்டால் ஓஸ்தியின் மிகச் சிறு துண்டைத் தண்ணீரோடு கொடுங்கள். பின்பு வாய் காலியாகும்வரை பக்கத்திலேயே இருங்கள்.

ஆசீர்வதித்த பொருள்கள் பழுதானால் குப்பையில் போடக் கூடாது. உடைந்த சுரூபம், அறுந்த ஜெபமாலை, கிழிந்த உத்தரியம் (கழுத்தில் அணியும் துணித் துண்டு) ஆகியவற்றை மண்ணில் புதைக்கலாம், எரியக்கூடியதை எரித்துச் சாம்பலைப் புதைக்கலாம். தீர்த்தம் பழையதானால் மண்ணில் ஊற்றுங்கள். தீர்த்தத் தொட்டியை வாரம் ஒருமுறை காலி செய்து துடைத்துப் புதிதாக நிரப்பாவிட்டால் கொசுப்புழு வரும். டெங்கு காலத்தில் அது விளையாட்டல்ல. திருவிழா ஃப்ளெக்ஸில் ஆண்டவர் முகத்தையும் மாதா முகத்தையும் ஆளுயரத்துக்கு அச்சடித்துவிட்டு, மறுவாரம் அதே பேனர் சாக்கடை மூடியாகவும் மாட்டுக்கொட்டகைக் கூரையாகவும் கிடப்பதைத் தெருத்தெருவாகப் பார்க்கிறோம். திருமுகம் அச்சடிக்காமல் எழுத்தும் சிலுவையும் மட்டும் போடுவதே நல்லது. போட்டுவிட்டால் கொடியிறக்கத்தன்றே கழற்றும் பொறுப்பை ஒரு அன்பியத்திடம் (பங்கில் உள்ள குடும்பங்களின் குழுவிடம்) பெயர் சொல்லிக் கொடுங்கள்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்குப் போன வருடக் குருத்தோலைகளை நன்றாகக் காயவைத்து இரும்புச் சட்டியில் எரித்து, இடித்து, மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள். அதைத் தண்ணீர் விட்டுக் குழைக்காதீர்கள். சாம்பலும் தண்ணீரும் சேர்ந்தால் காரநீர் உண்டாகி நெற்றித் தோல் வெந்துபோகலாம். உலர்ந்தே பயன்படுத்துங்கள், பிடிக்காவிட்டால் ஒரு துளி எண்ணெய் சேருங்கள். மிஞ்சிய சாம்பலை மண்ணோடு சேருங்கள். புனித எண்ணெய்கள் மூன்றும் பெரிய வியாழனையொட்டி ஆயரிடமிருந்து புதிதாக வந்ததும், பழையதைப் பஞ்சில் நனைத்து எரித்துவிடலாம் அல்லது அணையா விளக்கில் ஊற்றலாம். எண்ணெய் துடைத்த பஞ்சையும் எரித்துவிட வேண்டும்.

இரவில் கோயிலைப் பூட்டுமுன் கடைசி வேலை இரண்டு. விளக்கில் விடியும்வரை எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. பேழைச் சாவி பேழையிலேயே தொங்கவில்லை, சக்ரீஸ்து மேசை இழுப்பறையில் கிடக்கவில்லை, அதற்குரிய பூட்டிய பெட்டியில் இருக்கிறது என்று கையால் தொட்டுப் பார்ப்பது மற்றொன்று.